வரம்பா, வரப்பா? மகளுக்குப் போன அரை மார்க்

தக்கலைத் தகப்பன்:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

என் மகள் ஏழாம் வகுப்பு. தமிழ்ப் பரீட்சையில் ‘விடுமுறையில் ஒரு நாள்’ என்று கட்டுரை. தாத்தாவோடு ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்குப் போனதை எழுதியிருக்கிறாள். ‘வயல் வரம்பில் தாத்தாவுக்குப் பின்னால் நடந்தேன்’ என்று ஒரு வரி. அந்த ‘வரம்பில்’ மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘வரப்பில்’ என்று திருத்தியிருந்தது. அரை மார்க் போய்விட்டது. ‘ஏலா’வுக்கும் ஒரு வட்டம் உண்டு. அதை விடுங்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.

பிள்ளை போய்க் கேட்டிருக்கிறாள். ‘வரம்பு என்றால் எல்லை. வயலில் இருப்பது வரப்பு. உங்கள் ஊர்க்காரர்கள் மலையாளத்தைக் கலந்து பேசுகிறீர்கள்’ என்று பதில் வந்ததாம்.

என் அப்பாவுக்கு 78 வயது. வரப்பு என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. வரம்பு வெட்டணும், வரம்பு பூசணும், வரம்பில் உளுந்து ஊன்றணும், வரம்பு உடைந்து தண்ணீர் போகுது, எல்லாம் வரம்புதான். இவ்வளவு காலமும் தப்பாகவா பேசினோம்? இது மலையாளமா, தமிழா? இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடி மணி:

ஆசிரியர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை சார். எங்கள் பக்கம் வரப்புதான். ‘வரப்புயர நீர் உயரும், நீர் உயர நெல் உயரும்’ என்று ஔவையாரே சொல்லியாயிற்று. வரம்பு என்பது எல்லை, அளவு. ‘வரம்பு மீறாதே’ என்கிறோம், ‘வரப்பு மீறாதே’ என்று சொல்வதில்லையே. இரண்டு பொருள், இரண்டு சொல்.

எங்கள் வேலையைச் சொல்கிறேன், அதிலேயே புரியும். நடவுக்கு முன்னால் வரப்பின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் புல்லோடு சேர்த்துச் செதுக்கி எடுப்போம். அது அண்டை வெட்டுவது. பிறகு அதே வயலின் சேற்றை அள்ளி வரப்பின் பக்கவாட்டில் அப்பி வழவழவென்று தேய்ப்போம். அது அண்டை வைப்பது. நண்டு வளை, எலி வளை எல்லாம் அதில் அடைபடும். ஈரம் காய்வதற்குள் யாராவது காலை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். இதில் எங்குமே ‘வரம்பு’ வராது.

தோவாளைத் தோட்டம்:

மணி அண்ணே, எங்கள் நாஞ்சில் பக்கம் இரண்டும் உண்டு. ஆச்சி வரம்பு என்பாள், நாங்கள் பள்ளிக்கூடம் போனதால் வரப்பு என்போம். வேலை நீங்கள் சொன்ன அதே வேலைதான். கன்னிப்பூவுக்கு ஒருமுறை, கும்பப்பூவுக்கு ஒருமுறை செதுக்கிப் பூசுவோம். வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் குமரி மாவட்டத்தில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னி மாதம், அதாவது புரட்டாசிவாக்கில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதம், மாசிவாக்கில் அறுப்பது கும்பப்பூ. குறுவை, சம்பா, தாளடி என்றால் எங்கள் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

பெரிய வரம்பில் தென்னை நிற்கும். சின்ன வரம்பில் தட்டைப்பயறு. அவ்வளவு இடத்தையும் சும்மா விடக்கூடாது என்ற கணக்கு.

குழித்துறைக் குட்டன்:

நான் ஒத்துக்கொள்கிறேன் மக்களே, அது மலையாளம்தான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. அரண்மனை மொழியும் ஆபீஸ் மொழியும் மலையாளம். என் தாத்தா படித்ததே மலையாளப் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் வயலில் இருப்பது ‘வரம்பு’தான். ‘வரம்பத்து கூலி’ என்று ஒரு பேச்சே இருக்கிறது. வேலை முடிந்ததும் வரம்பில் வைத்தே கூலியை எண்ணிக் கொடுப்பது. இப்போது ‘செய்த வினைக்கு உடனே பலன்’ என்ற அர்த்தத்தில், கொஞ்சம் மிரட்டலாகவே சொல்வார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எல்லை ஊரில் நாலு சொல் இப்படி அப்படித்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

வெட்கப்பட ஒன்றும் இல்லைதான் தம்பி. ஆனால் நம்முடையதை நாமே பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அவரிடம் கடன் வாங்கியதாக எழுதிக்கொடுக்கவும் வேண்டாம்.

முதலில் ஒரு பாட்டு. கம்பராமாயணம், பால காண்டம், நாட்டுப் படலம். கோசல நாட்டு வயலைச் சொல்கிறார்:

‘வரம்பெலாம் முத்தம், தத்தும் மடையெலாம் பணிலம், மாநீர்க்
குரம்பெலாம் செம்பொன்; மேதிக் குழியெலாம் கழுநீர்க் கொள்ளை;
பரம்பெலாம் பவளம், சாலிப் பரப்பெலாம் அன்னம், பாங்கர்க்
கரம்பெலாம் செந்தேன்...’

வரம்பு முழுக்க முத்து, மடை முழுக்கச் சங்கு. இங்கே வரம்பு என்பதற்கு ‘எல்லை’ என்று பொருள் சொல்லிப் பாருங்கள், உப்புச் சப்பில்லாமல் போகும். பக்கத்திலேயே மடை இருக்கிறது, எருமை கிடக்கும் குழி இருக்கிறது, நெல் இருக்கிறது. இது வயலில் காலால் மிதிக்கும் மண்வரம்பு. இன்னொன்றையும் கவனியுங்கள். குரம்பு என்பது நீரைத் தடுக்கப் போடும் செய்கரை. அதுவும் மேடாக்கிய மண்தான். பரம்பு, உழுது மட்டமாக்கிய நிலம். கரம்பு, பயிரிடாத தரிசு. ஒரே ஓசையில் நான்கு நிலச் சொற்களை அடுக்கிவிட்டார். குரம்பு வழக்கொழிந்துவிட்டது. கரம்பு இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. வரம்பை உங்கள் அப்பா காப்பாற்றி வைத்திருக்கிறார்.

கம்பர் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. அவர் ஊர் தேரழுந்தூர். மன்னார்குடி மணி அவர்களுக்கு அது எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் வரப்பு எங்கிருந்து வந்தது? இலக்கணத்தில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கம்தான். வல்லெழுத்துக்கு முன்னால் மெல்லெழுத்து வந்து உகரத்தில் முடியும் சொல், இன்னொரு சொல்லோடு வேற்றுமையில் சேரும்போது அந்த மெல்லெழுத்து வல்லெழுத்தாகிவிடும். சிலம்பு, அதிகாரத்தோடு சேர்ந்தால் சிலப்பதிகாரம். இரும்பு, பாதையோடு சேர்ந்தால் இருப்புப்பாதை. வேம்பு வேப்பிலை ஆகும். கரும்பு கருப்பஞ்சாறு ஆகும். குரங்கின் மனம் குரக்குமனம். அந்த வரிசையில் வரம்பையும் வையுங்கள். வரம்பின் மேல் இருக்கும் தலை, புல், வழி என்று சேர்த்துச் சேர்த்துச் சொல்லும்போது வரம்பு வரப்பாகும். அடிக்கடி அப்படியே சொல்லிச் சொல்லி, சேர்ந்து நின்ற வடிவமே தனியாக நிற்கத் தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. ஆக இரண்டும் ஒரே சொல். இரண்டும் தமிழ். அரை மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மன்னார்குடி மணி:

தேரழுந்தூர் எங்கள் பக்கம்தான் ஐயா, நன்றாகவே குத்திவிட்டீர்கள். பாட்டுக்குக் கும்பிடு.

ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன். நிரம்பு என்றால் தானாக நிரம்புவது, நிரப்பு என்றால் நாம் நிரப்புவது. திரும்பு, திருப்பு. கிளம்பு, கிளப்பு. நீங்கள் காட்டிய பாட்டிலேயே பரம்பும் இருக்கிறது, பரப்பும் இருக்கிறது. அதே மாதிரி வரம்பு என்பது தானாக அமைந்த எல்லை, வரப்பு என்பது நாம் மண்ணை வெட்டிப் போட்டது என்று இருக்கலாமே? அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் திருத்தியதிலும் ஒரு நியாயம் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் குடம் நிரம்புகிறது என்கிறோம், வண்டி கிளம்புகிறது என்கிறோம். வயல் வரம்புகிறது என்று யார் சொல்கிறார்? வினையே இல்லாத இடத்தில் தன்வினை, பிறவினை எப்படி வரும்? கரும்புக்கும் கருப்பஞ்சாற்றில் வரும் ‘கருப்பு’க்கும் உள்ள உறவுதான் இதற்கும். அத்துடன், தானாக அமைந்தது வரம்பு என்றால் கம்பர் பாட்டில் வயலுக்கு நடுவே கிடப்பது என்ன, யாரும் வெட்டாமல் முளைத்ததா?

சாமிதோப்பு சங்கு:

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் நெல்லைவிட உப்புதான் கண்ணில் படும். புத்தளம், சாமிதோப்பு அளங்களில் பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இருப்பதையும் வரப்பு என்றுதான் கேட்டிருக்கிறேன். அதில் உளுந்து ஊன்ற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லடிக் காற்று:

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை வாசித்து ஆச்சரியப்பட்டுப் போனேன். எங்கட இடத்திலும் வரம்புதான். வயல் வரம்பு, பெரிய வரம்பு, வரம்பு கட்டுறது, வரம்பில் புல்லுச் செருக்குறது. வரப்பு என்ற சொல்லை நான் புத்தகத்தில்தான் கண்டனான், சின்ன வயதில் அது வேறு ஏதோ பொருள் என்றே நினைத்திருந்தேன். வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாய்க்கு நாங்கள் வக்கடை என்போம். குமரியில் என்ன சொல்வீர்கள்?

குளத்தின் பெரிய மண் அணையை நாங்கள் வரம்பு என்பதில்லை, அது குளக்கட்டு.

தக்கலைத் தகப்பன்:

அண்ணன், எங்களுக்கு அது மடை அல்லது மடைவாய். குளத்தில் இருப்பது கரை. ‘குளத்தங்கரை’ என்றுதான் பேச்சு. ஆக வயலில் இருக்கும் சின்னது வரம்பு, குளத்தில் இருக்கும் பெரியது கட்டு அல்லது கரை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பிரிப்பு.

குழித்துறைக் குட்டன்:

மட்டக்களப்புக்கும் பழைய சேரநாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்வார்களே, தாய்வழிக் குடி முறையெல்லாம் காட்டி. அப்படிப் போயிருக்கலாம் அல்லவா? சும்மா கேட்கிறேன், வாத்தியார் கோபிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

கோபம் எதற்கு, நல்ல கேள்வி. போயிருக்கட்டும். ஆனால் தேரழுந்தூருக்கும் அங்கிருந்தேவா போயிற்று? ஒரு சொல் குமரியில் இருக்கிறது, கேரளத்தில் இருக்கிறது, மட்டக்களப்பில் இருக்கிறது, பழைய சோழநாட்டுப் பாட்டில் இருக்கிறது. நடுவில் இன்றைய தஞ்சையில் வேறு வடிவம். இதில் ஓரத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள் என்பது எளிதா, நடுவில் இருக்கிறவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்பது எளிதா? கிளையில் இருக்கிற பழைய இலை அடிமரத்தில் உதிர்ந்துபோவது மொழியில் சாதாரணம்.

நீங்களே ஒரு சான்றும் கொடுத்துவிட்டீர்கள், கவனிக்கவில்லை. ‘வரம்பத்து’ என்பது மலையாள முடிவு. தக்கலைத் தம்பியின் அப்பா ‘வரம்பத்து நில்லு’ என்றா சொல்வார்?

தக்கலைத் தகப்பன்:

இல்லை ஐயா. ‘வரம்புல நில்லுலே’ என்பார்.

குழித்துறைக் குட்டன்:

எங்கள் வீட்டில் இரண்டும் வரும். ஆனால் சரி, தோற்றேன்.

சொல்வேட்டை:

வணக்கம் உறவுகளே. நீங்கள் எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். அப்பு என்றால் நீர். வர + அப்பு = வரப்பு. நீர் வருவதைத் தடுத்து நிறுத்துவது. அல்லது சேற்றை அப்புவதால் வரி + அப்பு = வரப்பு. வறண்டு இருப்பதால் வறப்பு என்றும் சொல்லலாம். தமிழ்ச் சொற்கள் எல்லாமே காரணப் பெயர்கள்.

தோவாளைத் தோட்டம்:

மூன்று காரணமும் ஒரே சொல்லுக்கா? ஒன்றைப் பிடியுங்கள் அண்ணாச்சி.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

பழைய வடிவம் வரம்பு என்று கண்ட பிறகு அப்புவுக்கு இடமே இல்லை. ‘வறப்பு’ என்றால் எழுத்தே வேறு, நடுவில் வல்லின றகரம் வரும். இது இடையின ரகரம்.

இந்தச் சொல்லுக்கு உறவு தேட வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். வரி என்றால் கோடு. வரைதல் என்றால் கோடு கிழிப்பது. வரை என்றால் எல்லை: இதுவரை, அதுவரை. வரையறை. மலைக்கும் வரை என்று பெயர். கோடு, எல்லை, மேடு மூன்றும் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் எல்லையா மண்மேடா, எது முதற்பொருள் என்று பிரிப்பதே எனக்குக் கடினமாகப் படுகிறது. உதயகிரிக் கோட்டைப் பக்கத்துக் குன்று ஒன்றில் ஏறி நின்று ஏலாவைக் கீழே பாருங்கள். தெரிவது கோடுதான். இறங்கி வந்தால் மேடு. பக்கத்து வயல்காரரிடம் கேட்டால் எல்லை.

தோவாளைத் தோட்டம்:

பக்கத்து வயல்காரர் என்றதும் எனக்கு ரத்தம் சூடாகிறது.

எங்களுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவே இருந்த வரம்பு, என் அப்பா காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்கலாம். மாடு ஓட்டிக்கொண்டு போவோம். அந்த மனுஷன் ஒவ்வொரு பூவுக்கும் செதுக்கும்போது அவர் பக்கம் ஒரு விரல் கூடுதலாகச் செதுக்குவார். ஒரு விரல்தானே, யார் கேட்பது? சேறு பூசும்போது மட்டும் மெல்லிசாகப் பூசுவார். இருபது வருஷத்தில் அது ஒரு சாண் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு மழைக்கு முழுசாகக் கரைந்து, எங்கள் உரம் போட்ட தண்ணீர் அவர் வயலில் போய் நின்றது. கேட்கப் போனால், ‘வரம்பு உங்கள் பக்கம்தான் சரிந்தது’ என்றார். அளவுக்கு ஆள் வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டபிறகுதான் ஓய்ந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார்.

‘வரம்பு மீறுவது’ என்றால் என்னவென்று எனக்கு அகராதி பார்க்க வேண்டாம்.

மன்னார்குடி மணி:

இது எல்லா ஊரிலும் இருக்கிறது தம்பி. எங்கள் பக்கம் அண்டை வெட்டும்போது இரண்டு பக்கத்துக்காரரும் நேரில் நிற்பது அதற்காகத்தான்.

குழித்துறைக் குட்டன்:

மண்மேடு என்றால் விளவங்கோட்டில் இன்னொன்று உண்டு, அதை யாரும் சொல்லவில்லை: கையாலை. எங்கள் பக்கம் சமதரை குறைவு. புரையிடமும் (வீட்டைச் சுற்றிய நிலம்) விளையும் (மேட்டுத் தோட்டம்) ஏறி இறங்கிக் கிடக்கும். மழை பெய்தால் மேல் விளை மண் கீழ் விளைக்கு வந்துவிடும். அதனால் ஓரத்தில் மண்ணை வெட்டி அடுக்கி, அடித்து இறுக்கி, இடுப்பளவு மேடாக எழுப்புவார்கள். வசதி உள்ளவர்கள் கல் அடுக்குவார்கள். அதுதான் கையாலை. எல்லையும் அதுவே, மண்ணைப் பிடிப்பதும் அதுவே. இப்போது ரப்பர் தோட்டங்களில்தான் அதிகம் மிச்சம்.

‘கையாலைமேல் தேங்காய்’ என்று சொல்வோம். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது, விழுந்த பிறகுதான் யாருடையது என்ற பேச்சு. தேர்தல் நேரத்தில் இங்கே நிறையப் பேர் அப்படி இருப்பார்கள்.

கையால் அள்ளி வைத்ததால் கையாலை என்பார் என் மாமா. அவர் எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒன்று வைத்திருப்பார். சொல்வேட்டை அவர்களுக்கு அவர் எண்ணைத் தரலாம் போலிருக்கிறது.

கல்லடிக் காற்று:

கையாலைமேல் தேங்காய்! இதை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கு இதற்கு ‘மதில்மேல் பூனை’தான் தெரியும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்:

குட்டன் தம்பி, இதற்கு நானே உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். கையாலை கேரளத்தில் நன்றாகப் புழங்கும் சொல். அந்தத் தேங்காய்ப் பழமொழியும் அங்கே பிரபலம். எல்லாவற்றையும் நம்முடையது என்று பிடிவாதம் பிடித்தால் கம்பர் பாட்டைக் காட்டியதற்கும் மதிப்பு இருக்காது.

தக்கலைத் தகப்பன்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக வாத்தியார் ஐயாவுக்கு. மணி சாருக்கும். அவர் விடாமல் கேட்டதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

மகளிடம் பாட்டைக் காட்டினேன். ‘பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டு’ என்றேன். ‘அரை மார்க்தானே அப்பா, விடுங்கள். அடுத்த கட்டுரையில் இருப்புப்பாதை என்று எழுதினால் அதற்கும் வட்டம் போடுவார்களா?’ என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘வரம்பெலாம் முத்தம்’ வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முத்தம் என்றால் முத்து என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘நம்ம வரம்புல எலி வளைதான் கிடக்கு’ என்றார்.

நேற்று ராத்திரி நல்ல மழை. கீழ்வயலில் வரம்பு இரண்டு இடத்தில் உடைந்து கிடக்கிறதாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே போய்விட்டார். நானும் கிளம்புகிறேன், பிறகு வந்து பார்க்கிறேன்.